சேர்விஸ் புத்தகம் எங்கே? பழைய கார் வாங்குபவரும் விற்பவரும் அறிய வேண்டியவை

கண்டியில் ஒரே மாதிரியான இரண்டு கார்கள் விற்பனைக்கு நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் 2008இல் தயாரான டொயோட்டா விற்ஸ். கட்டுகஸ்தோட்டையில் நிற்கும் கார் புதிதாகப் பெயின்ற் அடிக்கப்பட்டுப் பளபளக்கிறது. மீற்றரில் 78,000 கிலோமீற்றர். பேராதனையில் நிற்கும் காரின் பம்பரில் கீறல். மீற்றரில் 164,000 கிலோமீற்றர். ஆனால் அதன் டாஷ்போட் லாச்சியில் ஒரு சேர்விஸ் புத்தகமும், றப்பர் பட்டி போட்டுக் கட்டிய பில் கட்டொன்றும் இருக்கின்றன. முதலாவது காரில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

பலரும் முதலாவது காரைத்தான் எடுப்பார்கள், அதற்காகக் கூடுதல் பணமும் கொடுப்பார்கள். ஆனால் பழைய கார் ஒன்றை வாங்கும்போது நாம் உண்மையில் விலை கொடுப்பது அதற்குச் செய்யப்பட்ட பராமரிப்புக்கு. அந்தப் பராமரிப்புக்கு இருக்கும் சாட்சி சேர்விஸ் வரலாறு மட்டுமே. அது இல்லாத இடத்தில் வாங்குபவர் விற்பவரின் வார்த்தையை மட்டும் நம்பிப் பணம் கொடுக்கிறார்.

நம் சமூகத்தில் இது சிறிய விடயமல்ல. வெளிநாட்டில் இருக்கும் சகோதரர் அனுப்பிய பணம், காணி விற்ற காசு, ஓய்வுபெற்றபோது கிடைத்த ஊழியர் சேமலாப நிதி, அல்லது மாதாமாதம் கட்டவேண்டிய லீசிங் ஆகியவற்றில் ஒன்றுதான் பெரும்பாலும் அந்தக் காராக மாறுகிறது. அதை ஹயருக்கு ஓட்டிக் குடும்பம் நடத்துபவருக்கு கியர் பெட்டி பழுதானால் வருமானமும் நிற்கும், லீசிங் தவணையும் நிற்கும்.

ஏன் இப்போது இன்னும் முக்கியம்?

அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கான கதவு 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளில் நாட்டுக்குள் இருந்த கார்களே கை மாறிக்கொண்டிருந்தன. இறக்குமதி திறந்த பிறகும் வரிச்சுமை காரணமாகப் புதிய கார் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டவில்லை. ஆகவே 15, 20, 25 வயதான கார்கள் இன்னும் நல்ல விலைக்குப் போகின்றன. 121 என்றும் 110 என்றும் சொல்லும் கொரொல்லாக்கள், நிசான் சனி, மிற்சுபிசி லான்சர், மாருதி 800, அல்ட்டோ எல்லாம் இந்த வகைதான்.

புதிய காரை வாங்குபவருக்கு உத்தரவாதம் உண்டு. 20 வயதுக் காருக்கு அப்படி எதுவும் இல்லை. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் பாதுகாப்பும் வியாபாரமாக விற்பவரிடம் வாங்கும்போதுதான் ஓரளவு உதவும். தனியார் ஒருவர் தன் காரை இன்னொருவருக்கு விற்கும்போது, பார்த்து வாங்கவேண்டிய பொறுப்பு பெரும்பாலும் வாங்குபவருடையதே.

சேர்விஸ் வரலாறு என்றால் எது?

முத்திரை குத்திய ஒரு புத்தகம் மட்டுமல்ல. பின்வருபவை எல்லாம் சேர்ந்ததே ஒரு காரின் வரலாறு:

• முகவர் நிறுவனத்தின் சேர்விஸ் புத்தகமும் கணினிப் பதிவும். சேசி இலக்கத்தைக் கொண்டு பழைய பதிவுகளைத் தேட முடியும். உரிமையாளரையும் அழைத்துச் சென்று கேட்பதே முறை.

• கராஜ் பில்கள். திகதி, மீற்றர் கணக்கு, மாற்றிய பாகம் ஆகிய மூன்றும் இருக்கும் பில்லுக்குத்தான் பெறுமதி. ‘ரிப்பெயார்’ என்று மட்டும் எழுதி ஒரு தொகை போட்ட பில்லால் எதுவும் தெரியாது.

• ஒயில் மாற்றிய அட்டை அல்லது ஸ்ரிக்கர். ஜப்பானில் ஓடி வந்த கார்களில் இது சாரதிப் பக்கக் கதவின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கும். ஜப்பானிய எழுத்து புரியாவிட்டாலும் இலக்கங்கள் புரியும். அங்கே 92,000 கிலோமீற்றர் என்று இருந்து, இன்று மீற்றர் 70,000 காட்டினால் வேறு சாட்சி தேவையில்லை.

• ஆண்டுதோறும் எடுக்கும் புகைப் பரிசோதனைச் சான்றிதழ்களும் காப்புறுதிப் பத்திரங்களும். வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க இவை இரண்டும் வேண்டும் என்பதால் பலரிடம் பழைய பிரதிகள் இருக்கும். அவற்றில் மீற்றர் கணக்குக் குறிக்கப்பட்டிருந்தால் பில்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

• ‘ரீகொண்டிஷன்’ காராக வந்திருந்தால் ஜப்பானிய ஏலத் தாள். அதில் காருக்குத் தரம் இடப்பட்டிருக்கும். 4, 4.5 போன்றவை நல்ல நிலையைக் குறிக்கும். ‘ஆர்’ அல்லது ‘ஆர்ஏ’ என்று இருந்தால் விபத்துக்குப் பிறகு திருத்தப்பட்ட கார் என்று பொருள்.

இவற்றை மேசையில் திகதி வரிசைப்படி அடுக்குங்கள். மீற்றர் கணக்கு ஒவ்வொரு தாளிலும் முன்னோக்கி மட்டுமே போகவேண்டும். ஓரிடத்தில் பின்னோக்கிப் போனால், மீற்றர் திருப்பப்பட்டிருக்கிறது. டிஜிற்றல் மீற்றரையும் திருப்ப முடியும்.

ஒரு எளிய கணக்கும் உதவும். ஆண்டுக்கு 10,000 கிலோமீற்றர் என்று வைத்தாலே 17 வயதுக் கார் 170,000 ஓடியிருக்கும். 78,000 என்றால் அது பொய் என்று உடனே முடிவெடுக்க வேண்டியதில்லை. வயதான ஒருவர் கோவிலுக்கும் கடைக்கும் மட்டும் ஓட்டியிருக்கலாம். ஆனால் அதை நிரூபிக்கவேண்டியவர் விற்பவர்.

கண்டியின் ஏற்றமும் இறக்கமும்

சமதரையில் ஓடிய காரும் மலையில் ஓடிய காரும் ஒரே அளவில் தேய்வதில்லை. சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கும் கண்டியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஏற்றம், இறக்கம், வளைவு. கொழும்புக்குப் போனால் கடுகண்ணாவை, நுவரெலியாவுக்குப் போனால் றம்பொடை. நகரத்துக்குள்ளோ முதலாம் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்து போகும் நெரிசல். ஆகவே இங்கு ஓடிய காரின் பில்களில் முதலில் தேடவேண்டியவை நான்கு.

பிரேக் ஒயில்: இது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து மிதிக்கும்போது சூடேறி, அந்த ஈரம் ஆவியாகும். அப்போது மிதி தரைவரை போகும், கார் நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டிய பொருள் இது. பல உரிமையாளர்கள் வாங்கிய நாள் முதல் மாற்றுவதே இல்லை. பிரேக் பாட், டிஸ்க் மாற்றிய பில் இருந்தும் பிரேக் ஒயில் மாற்றிய பில் இல்லாவிட்டால், வாங்கியதும் முதல் வேலை அதுதான்.

கூலன்ற்: ரேடியேற்றருக்குள் குழாய்த் தண்ணீர் மட்டும் ஊற்றி ஓட்டினால் உள்ளே துருப்பிடிக்கும். ஏற்றத்தில் ஒருமுறை நன்றாகச் சூடேறிய எஞ்சினில் ஹெட் கஸ்கட் போகலாம். சிலிண்டர் ஹெட் வளையலாம். டொயோட்டாவின் 2சி டீசல் எஞ்சின் சூடேறினால் ஹெட் வெடிப்பதற்குப் பேர்போனது.

கிளச்சும் கியர் ஒயிலும்: ஓட்டோ கியர், சிவிரி கியர் இரண்டுக்கும் அதற்கென்றே தயாரித்த ஒயில் வேண்டும். ‘வாழ்நாள் முழுவதும் மாற்றத் தேவையில்லை’ என்ற பேச்சை நம்பி ஓட்டிய கார்கள் ஏற்றத்தில் இழுக்காமல் உதறும். ஹொண்டா ஃபிற் ஜீபி5, வெசல் ஆகியவற்றின் 7 கியர் இரட்டைக் கிளச் அமைப்புக்காக ஜப்பானிலேயே 2013 முதல் பலமுறை கார்கள் திருப்பி அழைக்கப்பட்டுச் சீர்செய்யப்பட்டன. அந்த வேலை செய்யப்பட்டதற்கான பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

ரைமிங் பெல்ற்: பொதுவாக 100,000 கிலோமீற்றரில் மாற்றவேண்டியது. கொரொல்லா 110இன் 5ஏ எஞ்சினில் பெல்ற் உண்டு. 121இன் 1என்இசட் எஞ்சினில் செயின். அதற்கு இந்தச் செலவு இல்லை. ஆனால் ஒயிலை நேரத்துக்கு மாற்றாவிட்டால் செயினும் தேய்ந்து சத்தமிடும்.

ஹைபிரிட் கார்களில் இன்னொன்று: பின் ஆசனத்துக்கு அருகிலுள்ள காற்று வழியினூடாகத்தான் பெரிய பற்றரி குளிர்கிறது. அந்த வழியும் விசிறியும் துப்புரவு செய்யப்பட்ட பதிவு இருக்கிறதா, பற்றரி மாற்றப்பட்டதா, மாற்றியது புதிதா அல்லது பழைய செல்களைத் திருத்திப் போட்டதா என்று கேட்கவேண்டும்.

ஜப்பானின் தக்காட்டா நிறுவனத்தின் எயார்பாக்குகளையும் மறக்கக்கூடாது. வெப்பமும் ஈரப்பதமும் உள்ள நாடுகளில் அவற்றின் இரசாயனம் காலப்போக்கில் கெட்டு, வெடிக்கும்போது உலோகத் துண்டுகள் தெறித்துப் பல நாடுகளில் மக்கள் இறந்தனர். கொரொல்லா, விற்ஸ், ஃபிற் உள்ளிட்ட கார்கள் அந்த வரிசையில் உண்டு. சேசி இலக்கத்தைக் கொடுத்து முகவரிடம் விசாரியுங்கள்.

வரலாற்றில் விழுந்த இடைவெளிகள்

நல்ல உரிமையாளரின் பில் கட்டிலும் சில இடைவெளிகள் இருக்கும். அவை எல்லாமே குற்றமல்ல. காரணம் கேட்டறிய வேண்டும்.

2021, 2022ஆம் ஆண்டுகளில் உதிரிப்பாகங்களும் நல்ல ஒயிலும் கிடைப்பது கடினமாக இருந்தது. 2022இல் பெற்றோல் வரிசை; பிறகு கியூஆர் அட்டையில் காருக்கு வாரம் 20 லீற்றர். அந்த முறை 2023 செப்டெம்பர் தொடக்கத்தில்தான் நீங்கியது. அக்காலத்தில் பல கார்கள் மாதக்கணக்கில் வீட்டில் நின்றன. நின்ற காரின் பற்றரி இறக்கும், தாங்கிக்குள் துருப்பிடிக்கும், பிரேக் ஒட்டிக்கொள்ளும். மீண்டும் ஓட்டத் தொடங்கியபோது என்ன செய்தார்கள் என்பதே கேள்வி.

இரண்டாவது இடைவெளி வெள்ளம். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் கண்டி மாவட்டம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது. கம்பளை உட்பட மகாவலிக் கரையோர ஊர்கள் நீரில் மூழ்கின. வீடுகளோடு வாகனங்களும் மூழ்கின. அப்படி மூழ்கிய காரைக் கழுவி, ஆசன உறை மாற்றி விற்க முடியும். ஆனால் வயர்களின் இணைப்புகளுக்குள்ளும் கணினிப் பெட்டிக்குள்ளும் புகுந்த சேறு மாதங்கள் கழித்தே வேலையைக் காட்டும். ஆசன பெல்ற்றை முழுவதுமாக வெளியே இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கும். கார்ப்பெற்றைத் தூக்கி, ஆசனத்தின் கீழுள்ள ஆணிகளில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். உதிரிச் சக்கரம் வைக்கும் குழியையும் பாருங்கள்.

போர் தின்ற காகிதங்கள்

ஏ9 வீதியின் ஒரு முனை கண்டி, மறுமுனை யாழ்ப்பாணம். அந்த வீதி 2002இல் திறந்து, 2006 ஓகஸ்டில் மூடி, 2009இன் இறுதியில் மீண்டும் பொதுமக்களுக்குத் திறந்தது. இன்று இரு திசையிலும் கார்கள் விற்கவும் வாங்கவும் போகின்றன. வடக்கிலிருந்து வரும் பழைய காருக்குச் சேர்விஸ் புத்தகம் கேட்டால் பல வேளை பதில் ‘இடம்பெயரும்போது தவறிவிட்டது’ என்பதுதான். அது பெரும்பாலும் உண்மை. 1995 ஒக்ரோபர் 30இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியவர்களும், 2009இல் முள்ளிவாய்க்கால்வரை போனவர்களும் பில் கட்டைக் காப்பாற்றும் நிலையில் இருக்கவில்லை. வாகனங்களையே கைவிட்டு வந்தார்கள்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகமும் வடக்குக்குப் போகவில்லை. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் ஒக்ஸ்போர்ட் போன்ற கார்கள் சிறிது பெற்றோலில் ஸ்ராட் செய்யப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலோடு கலந்து அதை நீர்க்கச் செய்யும். கரி படியச் செய்யும். அப்படியும் அவை இன்றுவரை ஓடுகின்றன என்றால், அதற்குக் காரணம் நம் மெக்கானிக்குகளின் கைகள். அந்த வேலைகளுக்குப் பில் கிடையாது. அந்த வரலாறு அவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது.

ஆகவே அப்படியொரு காரை விற்பவர் வெட்கப்படத் தேவையில்லை. ஆனால் வாங்குபவருக்கு ‘தவறிவிட்டது’ என்ற சொல் போதாது. ஏமாற்றுபவரும் அதே சொல்லைத்தான் சொல்வார். இரண்டுக்கும் வேறுபாடு காட்ட வழி உண்டு. காரைப் பார்த்த மெக்கானிக்கிடம் தான் செய்த வேலைகளை, நினைவிலுள்ள ஆண்டோடு, கராஜின் கடிதத்தில் எழுதிக் கையொப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள். தெரியாத ஆண்டுகளைத் ‘தெரியாது’ என்றே எழுதுங்கள். இடைவெளியை ஒப்புக்கொள்ளும் தாள், முழுமையானது போல் நடிக்கும் புத்தகத்தைவிட நம்பத்தக்கது.

புத்தகமே இல்லாவிட்டால்

காரையே வாசிக்க வேண்டும்.

• ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. 30,000 ஓடிய காரில் மூன்றாவது சோடி ரயர் இருக்க நியாயமில்லை.

• பிரேக் மிதியின் றப்பர், ஸ்ரியரிங்கின் தோல், சாரதி ஆசனத்தின் ஓரம் ஆகியவை எவ்வளவு தேய்ந்திருக்கின்றன? மீற்றரைத் திருப்புபவர் இவற்றை மறந்துவிடுவார்.

• எல்லாக் கண்ணாடிகளிலும் உள்ள அடையாளம் ஒன்றா? ஒன்று மட்டும் வேறுபட்டால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

• ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள். கறுப்புக் களி படிந்திருந்தால் ஒயில் நேரத்துக்கு மாற்றப்படவில்லை. பால்கோப்பி நிறத்தில் நுரை இருந்தால் தண்ணீர் கலக்கிறதா என்று சோதிக்கவேண்டும்.

• எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே ஸ்ராட் செய்யுங்கள். நீங்கள் போகும்போதே சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள்.

• ஸ்கேனர் வைத்திருக்கும் கராஜில் போட்டுப் பாருங்கள். சில கார்களில் மீற்றரைத் தவிர வேறு கணினிப் பெட்டியிலும் ஓடிய தூரம் பதிவாகியிருக்கும். ஹைபிரிட் பற்றரியின் நிலையும் தெரியும்.

• ஏசி போட்டபடி ஹந்தானைப் பக்க ஏற்றம் ஒன்றில் ஓட்டிப் பாருங்கள். சூட்டு முள் ஏறுகிறதா? இறங்கும்போது பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறதா? கண்டியில் இதைவிட நல்ல பரிசோதனை இல்லை.

மெக்கானிக்கை நீங்களே அழைத்துச் செல்லுங்கள். விற்பவர் காட்டும் மெக்கானிக் விற்பவருடைய ஆள்.

பெயரும் மொழியும்

சேர்விஸ் வரலாறு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பதிவுச் சான்றிதழோடு பொருந்தாவிட்டால் பயனில்லை. சான்றிதழில் எஞ்சின் இலக்கம், சேசி இலக்கம், தயாரிப்பு ஆண்டு, முதற்பதிவுத் திகதி, முன்னைய உரிமையாளர்கள், லீசிங் நிறுவனத்தின் உரித்து ஆகியவை இருக்கும். தயாரிப்பு ஆண்டும் பதிவு ஆண்டும் ஒன்றல்ல. ரீகொண்டிஷன் காரில் சில ஆண்டு வித்தியாசம் இருக்கும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் பதிவிலக்கத்தைக் கொடுத்து அடிப்படை விபரங்களைப் பார்க்கலாம்.

‘ஓபன் பேப்பர்’ என்று சொல்லி, வாங்குபவரின் பெயர் எழுதாமல் கையொப்பமிட்ட படிவங்களோடு கார்கள் கை மாறுகின்றன. இது இருவருக்கும் ஆபத்து. அந்தக் கார் விபத்திலோ குற்றத்திலோ சிக்கினால் பொலிஸ் முதலில் தேடுவது பதிவேட்டில் பெயர் உள்ளவரை. தம் பெயரிலுள்ள ஒரு வாகனத்துக்காக விசாரணைக்கு அழைக்கப்படுவது என்றால் என்னவென்று நம்மவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. எம்டிஏ 6, எம்டிஏ 8 படிவங்களை முழுமையாக நிரப்பி, பிரதி எடுத்து வைத்து, உடனே பெயர் மாற்றுங்கள். சான்றிதழ் தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டோடு திணைக்களத்தில் இரண்டாம் பிரதி எடுத்த பிறகே விற்பனையைப் பேசுங்கள்.

காணாமலாக்கப்பட்ட கணவரின் அல்லது மகனின் பெயரில் வாகனம் இருக்கும் குடும்பங்கள் உண்டு. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் காணாமற்போனமைக்கான சான்றிதழ் சொத்தை நிர்வகிக்க ஒரு வழி தருகிறது. அந்தச் சான்றிதழை எடுக்க எல்லாக் குடும்பங்களுக்கும் மனம் வருவதில்லை. அது அவர்களின் முடிவு. எப்படியாயினும், வாகனத்தை விற்கும் முன் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்கவேண்டும். இடைத்தரகர் சொல்லும் குறுக்குவழியில் கையொப்பம் வைக்கக்கூடாது.

மொழியும் ஒரு தடை. கண்டியின் பல கராஜ்களில் பில் சிங்களத்தில் எழுதப்படும். பெரும்பாலும் ஆங்கிலப் பாகப் பெயர்களே சிங்கள எழுத்தில் இருப்பதால், எழுத்துத் தெரிந்த ஒருவர் வாசித்தால் உங்களுக்கே புரியும். பில்களைப் படம் எடுத்துச் சென்று, நம்பிக்கையான ஒருவரிடம் வாசிக்கக் கேட்ட பிறகு முற்பணம் கொடுங்கள். விற்பனை ஒப்பந்தத்தை உங்களுக்குத் தெரிந்த மொழியிலும் எழுதுவித்து, அன்றைய மீற்றர் கணக்கு, விபத்து, வெள்ளம் பற்றி விற்பவர் சொன்னது ஆகியவற்றை அதில் சேர்த்துக் கையொப்பம் வாங்குங்கள்.

விற்க நினைப்பவருக்கு

இன்று விற்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் இன்றே தொடங்கலாம். ஒரு பாடசாலைக் கொப்பி போதும். திகதி, மீற்றர், செய்த வேலை, கராஜ், தொகை என ஐந்து நிரல். பில்லை அந்தப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். வெப்பத்தில் அச்சிட்ட பில்கள் ஓரிரு ஆண்டில் வெளிறிவிடும். அவற்றைத் தொலைபேசியில் படம் எடுத்து, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். ஒருமுறை எல்லாக் காகிதத்தையும் இழந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

விற்கும்போது பெயின்ற் அடிக்கச் செலவிடும் பணத்தில் பிரேக் ஒயிலையும் கூலன்றையும் மாற்றி, அந்தப் பில்லை மேலே வையுங்கள். விலை பேசும்போது கொப்பியை வாங்குபவரின் கையில் கொடுத்து வாசிக்க விடுங்கள்.

பேராதனையில் நிற்கும் அந்தக் கீறல் விழுந்த விற்ஸுக்குத் திரும்புவோம். அது 164,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. ஆனால் எப்போது ஒயில் மாற்றினார்கள், எப்போது பிரேக் பார்த்தார்கள், அடுத்து எந்தச் செலவு வரும் என்பதெல்லாம் அந்தப் பில் கட்டில் இருக்கின்றன. கட்டுகஸ்தோட்டைக் காரின் அடுத்த செலவு என்னவென்று வாங்குபவருக்குத் தெரியாது; கடுகண்ணாவை இறக்கத்தில் அதை அறிந்துகொள்ளும் நிலை யாருக்கும் வரக்கூடாது.